மண்வெட்டியில் ஒட்டிய புல்

யாவோரின் மண்வெட்டியில் மஞ்சள் புல் ஒட்டியிருந்ததை ரலித்சா பார்த்துவிட்டாள். அதன்பிறகு பனீத்சாவை, காலை உணவுக்கு வைத்த அந்தச் சூடான பாலாடைக்கட்டி அப்பத்தை, பாதியிலேயே வைத்துவிட்டாள்.

"பனி சரியுமான்னு காலையிலயே குழி தோண்டிப் பாத்துட்டேன். அடி வரைக்கும் பனி கெட்டி!" என்று யாவோர் அறிவித்ததும் பனிச்சறுக்குக்கு வந்து குடிலில் தங்கியிருந்த ஏழு பேரும் கைதட்டினார்கள். பிரின் மலையின் அந்தக் குடிலில் ஒரு வழக்கம் உண்டு. வடக்குப் பள்ளத்தில் அந்தக் குளிர்காலத்தின் முதல் சறுக்குத் தடத்தைப் பதிப்பவர் திரும்பி வந்து வாசல் மணியை அடிப்பார். மணி அடித்துவிட்டால் எல்லோரும் அங்கே சறுக்கக் கிளம்பிவிடுவார்கள். மூன்று வருடமாக அந்த மணி யாவோருடையதுதான்.

அவனும் ரலித்சாவும் அவர்களுக்கு வழிகாட்டிகள். பள்ளத்தின் விளிம்புக்கு ஏறும்போது ரலித்சா கேட்டாள்.

"அண்ணா, குழிய எங்க தோண்டுனீங்க?"

"மலையிலதான். பின்ன, கடல்லயா தோண்டுவாங்க?"

"எந்தப் பக்கம்னு கேட்டேன்."

"போலீஸ்ல சேர வேண்டியவ நீ. தப்பித்தவறி இங்க வந்துட்ட."

அவள் சிரிக்கவில்லை. வடக்குப் பள்ளத்தில் அடியில் வெறும் பாறை. புல் இருப்பது குடிலுக்குப் பின்னால், வெயில் விழும் மேட்டில்தான். அக்டோபரில் பெய்த பனி அந்த மேட்டில் ஒரே வாரத்தில் உருகிப்போனது. இப்போது அங்கே கிடப்பது எல்லாம் புதுப்பனி. நிழலிலேயே கிடக்கும் வடக்குப் பள்ளத்திலோ அந்தப் பழைய பனி போகவே இல்லை.

அந்தப் பழைய பனி முழங்கால் உயரம்கூட வராது. ஆபத்தே அதில்தான். அடியில் தரை கதகதப்பாக இருக்கிறது, மேலே காற்று உறைய வைக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட மெல்லிய பனி வழியாக ஈர ஆவி இடைவிடாமல் மேலேறும். ஏற ஏற, பனித்துகள்கள் பட்டை பட்டையாக வளர்ந்து சர்க்கரைபோல் ஆகிவிடும். ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது, கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க வராது. அதன்மேல் நவம்பர் காற்று அள்ளிக்கொட்டிய பனி பலகையாக இறுகிவிட்டால், சர்க்கரைமேல் வைத்த பலகைதான்; ஆள் கால் வைத்தாலே வழுக்கிவிடும்.

விளிம்பின் சமதளத்தில், சரிவுக்குள் இறங்காமல், அவளே தோண்டினாள். யாவோர் சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டே முணுமுணுத்தான். "என் பேச்ச நம்பமாட்டேங்கற, இல்ல?"

"உங்கள நம்பறேன். உங்க மண்வெட்டியத்தான் நம்பல. அதுல புல்லு ஒட்டியிருந்துச்சு."

அவன் கை நின்றது. "குளிரா இருந்துச்சு. குடிலுக்குப் பக்கத்துலயே... பனி எங்கயும் பனிதானே?"

ரலித்சா குழியின் சுவரில் ஒரு பனித்தூணை அறுக்கத் தொடங்கினாள். அதன் தலையில் மண்வெட்டியை வைத்து, முதலில் மணிக்கட்டால் தட்டுவது, பிறகு முழங்கையால், கடைசியில் தோளால். எந்தத் தட்டில் உடைகிறது என்று எண்ணுவது வழக்கம்; சீக்கிரம் உடைந்தால் ஆபத்து. அவள் தட்டவே இல்லை. பின்பக்கம் அறுத்து முடிக்கும்போதே மேல்பாதி மெதுவாக நழுவி அவள் மடியில் விழுந்தது. அடியிலிருந்து சர்க்கரைப் பனி பொலபொலவென்று கொட்டியது.

யாவோர் ஒரு அடி முன்னால் வந்தான். காலடியில் 'ஹும்' என்று ஒரு முனகல். விரிசல் ஒன்று பள்ளத்துக்குள் ஓடியது. எதிர்ச்சரிவு முழுவதும் மௌனமாக ஒருகணம் சுருங்கி, பிறகு இடிமுழக்கத்தோடு கீழே போனது.

இருவரும் குடிலுக்கு இறங்கினார்கள். குடிலின் வாசலில் ஏழு பேரும் கட்டைகளோடு காத்திருந்தார்கள். யாவோர் மணிக்கயிற்றை அவிழ்த்துத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

"காலையில நான் தோண்டினது தப்பான இடம்," என்றான். "எல்லாரும் உள்ள போங்க, சொல்றேன்."