அம்மிக்கல்லோடு வந்த லீவு

1

இந்தக் காலத்து ஜனங்களுக்குத் துரத்த ஒன்றும் இல்லாமலே ஓட வருகிறது. எங்கள் நாளில் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டால் ஓடினோம். கரடி வந்தால் ஓடினோம். கல்யாண வீட்டில் இலை போட்டால் கொஞ்சம் ஓடினோம். இப்போது படித்த பிள்ளைகள் தரையில் கோடு கிழித்து, கோட்டில் காலை வைத்து, ஒருத்தன் "ஓடு" என்றதும் ஓடுகிறார்கள். ஓடிப்போய் எதையும் எடுத்து வருவதில்லை. அந்த "ஓடு" சொல்கிறவனுக்கு மாதச் சம்பளம் வேறு.

அந்தச் சம்பளக்காரன் என் தங்கை மதலேனாளின் புருஷன் பங்கிராஸ். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் டிரில் வாத்தியார். இந்தக் கதை நானாக எழுத வந்ததல்ல. எங்கள் கோயில் பள்ளிக்கூடத்து ஞானதுரை வாத்தியார் பத்திரிகைக்கு எழுதுகிறவர். அவர்தான் வந்து பிடித்தார்.

"பங்கிராஸு பெரிய உத்தியோகத்துக்கு வந்துட்டாக. நீங்க மச்சினரு. நீங்களே கதை மாதிரி எழுதிக் குடுங்க."

"பெரிய உத்தியோகம்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"அவுகளே சொன்னாக."

சரிதான். நான் இரண்டாம் பாடப் புத்தகத்தோடு நின்றவன். அதில் கடைசிப் பாடம் நரி. அதற்குப் பிறகு நான் யாரையும் நம்பியதில்லை.

2

முதல் தொடக்கம்: "மேற்கே மலை, தெற்கே மலை, நடுவே பச்சைப் பட்டு விரித்தாற்போல் எங்கள்..."

நிறுத்திவிட்டேன். நான் பச்சைப் பட்டைப் பார்த்ததில்லை.

இரண்டாம் தொடக்கம்: "பங்கிராஸ் பிள்ளைப் பிராயத்திலேயே மான்போல் ஓடுவதில்..."

பொய். அவன் ஓடி நான் பார்த்ததே கிடையாது. அவன் கல்யாணத்தன்றுகூட நாங்கள்தான் கையைப் பிடித்து இழுத்துப் போனோம்.

மூன்றாவது தொடக்கம் கிணறு. இதை எழுதினால் என் வண்டவாளம் வெளியே வரும். வரட்டும்.

3

எங்கள் அப்பா சாகும்போது தோட்டத்தில் பாதியை மதலேனாளுக்கு எழுதினார். கிணறு ஒன்றுதான். ஒரு நாள் தண்ணீர் எனக்கு, மறுநாள் அவளுக்கு. அவள் மதுரைக்குப் போனபின் அவள் முறையிலும் நானே இறைத்தேன். இறைத்தது மட்டுமா? அந்தத் தண்ணீரை நம்பி வெற்றிலைக் கொடிக்கால் போட்டேன். வெற்றிலைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் காட்டினால் சரிப்படாது. முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

(மலையைக் குடைந்து பேரியாற்றை இந்தப் பக்கம் திருப்பப் போகிறார்களாம். கிணற்றுக்குச் சண்டையே இராதாம். வந்த பிறகு சொல்லுங்கள்.)

ஆக, என் மச்சினன் மதுரையிலேயே இருக்க வேண்டும். அவன் உத்தியோகத்தில் எனக்கிருந்த அக்கறை இவ்வளவுதான். இதை ஞானதுரை அடித்துவிடுவார். நான் மறுபடி எழுதுவேன்.

4

அவனுக்கு அந்த உத்தியோகம் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். அவன் அங்கே போனது கல்லூரித் தோட்டத்தில் கமலை இறைக்க. கமலையில் மாடுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்கும். தோல்பறி தண்ணீரோடு மேலே வரும். பறி கொட்டியதும் ஆள் ஒரு குரல் கொடுப்பான். மாடுகள் இழுப்பை விட்டு, கிணற்றுப் பக்கம் வந்த வழியே திரும்பும். எங்கள் தோட்டத்தில் அந்தக் குரல் "விட்டு வா." பங்கிராஸ் அதைச் சொன்னால் அடுத்த தோட்டத்து மாடும் திரும்பும்.

கல்லூரித் துரை ஒருநாள் அந்தக் குரலைக் கேட்டு, "இந்த ஆள்தான் பையன்களை வரிசையில் நிறுத்த லாயக்கு" என்றாராம். படிப்பு வேண்டாம், குரல் போதும். பாருங்கள், எனக்கும் குரல் இருந்தது. என்னை யார் கேட்டார்கள்?

சில வருஷம் ஓடிற்று. பிறகு கல்லூரியில் பேச்சு வந்தது: பையன்கள் குதிப்பதற்கு ஒரு சம்பளமா? பக்கத்துக் கல்லூரியோடு வடம் இழுக்கும் பந்தயம். அதில் ஜெயித்தால் டிரில் வாத்தியார் இருப்பார். தோற்றால் ஊருக்கு.

ஊருக்கு என்றால் எந்தக் கிணற்றுக்கு என்று உங்களுக்குத் தெரியும்.

5

பங்கிராஸுக்குத் தெரிந்த பயிற்சி ஒன்றுதான். கமலை மாட்டை அவிழ்த்துவிட்டு, எட்டுப் பையன்களை வடத்தில் நிறுத்தினான். பி.ஏ. படிக்கிற பிள்ளைகள் காலையும் மாலையும் கல்லூரித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தார்கள். ராஜமணி என்று தேவதானப்பட்டிப் பையன் கேட்டானாம்:

"அய்யா, மாட்டுக்கு லீவா? இல்ல, அது எங்க இடத்துல பரீச்சை எழுதப் போயிருக்கா?"

"எழுதினா அது பாஸாகும்லே. நீ வடத்தப் பிடி."

(இந்த ராஜமணி உண்மையில் உண்டா என்பது எனக்குச் சந்தேகம். பதில் மிகவும் நன்றாக இருக்கிறது. பங்கிராஸுக்கு அவ்வளவு சட்டென்று பேச வராது. ராத்திரி யோசித்துக் காலையில் சொல்லியிருப்பான். இருந்தாலும் விட்டுவைக்கிறேன். கதையில் ஒரு பையனாவது வேண்டும் என்கிறார் ஞானதுரை.)

6

பந்தயத்தை நான் கண்ணால் பார்த்தேன். சித்திரைத் தேருக்கே போகாதவன், வண்டி கட்டி ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டிப் போனேன். போகுமுன் அந்தோணியாருக்கு மெழுகுத்திரி ஏற்றினேன். "என் மச்சினனை ஜெயிக்க வையும்" என்றேன். கொடிக்காலைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. புனிதருக்குத் தெரியாதா?

வடத்தின் நடுவே சிவப்புத் துணி. தரையில் கோடு. துணி எங்கள் பக்கம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. பையன்கள் மாட்டைப்போல் மூச்சு விட்டார்கள், நல்ல மாட்டைப்போல். கோட்டுக்கு இன்னும் ஒரு சாண். எனக்கு அந்தத் துணி தெரியவில்லை, என் வெற்றிலைதான் தெரிந்தது.

அப்போது ஒரு குரல் கேட்டது. நீளமாக, நிதானமாக, நம் தோட்டத்துக் குரல்.

"விட்டு வாஆஆ..."

எட்டுப் பேரும் இழுப்பை விட்டார்கள். கோட்டை நோக்கி அழகாக, ஒரே சீராக நடந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் மல்லாக்க விழுந்தார்கள். விழுந்தபடியே ஜெயித்தார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். பங்கிராஸ் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான். கை கொஞ்சம் பிந்திவிட்டது.

நான் அங்கே நிற்கவில்லை. மாட்டைப் பூட்டி ஊருக்கு வந்து, இருக்கிறவரை இருக்கட்டும் என்று கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சினேன்.

7

பின்னாலேயே அவர்கள் வண்டி வந்தது. மதலேனாள் இறங்கினாள். பெட்டி இறங்கியது. அப்புறம் அம்மிக்கல் இறங்கியது.

"வாங்க மாப்ள" என்றேன். "என்ன, நிப்பாட்டிட்டாகளா?"

"நிப்பாட்டலை மச்சான். ஒசத்திட்டாக. ஜெயிக்கிற நேரத்துல ஒரு வார்த்தைக்கு எட்டுப் பேரு அடங்குனது லேசா, இந்தக் காலேசுல எந்தப் பய சொன்னதக் கேட்டிருக்கான்னு தொர சொன்னாரு. இப்ப வெளையாட்டுக்கெல்லாம் நாந்தான் மேலாளு."

"மேலாளுன்னா?"

"நான் இப்ப ஓடச் சொல்றதில்ல. ஓடச் சொல்றவுகளுக்குச் சொல்றேன்."

"அவுக யாரு?"

"இனிமேதான் வைக்கணும்."

"அப்ப இங்கன எதுக்கு வந்தீக?"

"லீவு."

நான் அம்மியைப் பார்த்தேன். லீவுக்கு வருகிறவள் அம்மிக்கல்லைத் தூக்கி வருவாளா, ஆத்தா?

"தேஞ்சு போச்சுண்ணே" என்றாள் மதலேனாள். "நம்ம ராக்கையா கொத்துனாத்தான் எனக்குச் சரிப்படும்."

"மதுரையில கல்லுக் கொத்த ஆளா இல்ல?"

"இருக்கான். அவன் கொத்துனா மசாலாவுல பாதி மணலு. ஒனக்கு ஏண்ணே மொகம் சுண்டிப்போச்சு?"

8

முடிவுகள்.

(அ) ஞானதுரைக்குப் பிடித்தது: பங்கிராஸ் லீவு முடிந்து மதுரை போகிறான். நம்மூருக்குப் பெருமை. இதை நான் நம்ப வேண்டுமானால், தோற்றவனுக்குப் பதவி கொடுக்கிற ஒரு ஊரை முதலில் எனக்குக் காட்ட வேண்டும்.

(ஆ) எனக்குத் தோன்றுவது: துரை கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். பதவி என்பது கணவாய் இறங்கும்போது வண்டியில் பிறந்தது.

(இ) "அன்று முதல் மச்சினர் இருவரும் ஒரே கிணற்றில் ஒற்றுமையாக..."

இதை அடித்துவிட்டேன். நரிப் பாடம் படித்தவன் இப்படி எழுதலாமா?

ராக்கையா நேற்றே வந்து கொத்திவிட்டுப் போய்விட்டான். அம்மி இன்னும் என் வாசலில்தான் கிடக்கிறது. மதலேனாள் அதில் அரைக்கிறாள். கேட்டால், "புதுசாக் கொத்துன கல்ல அரைச்சுப் பழக்க வேண்டாமாண்ணே?" என்கிறாள். அதுவும் நியாயம்தான். இந்த வீட்டில் எல்லாப் பொய்யும் நியாயமாகவே இருக்கிறது. உண்மையும் அப்படித்தான் இருக்கும் போல. ரெண்டில் எது என்று நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்களுக்குக் கொடிக்கால் கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

இன்று அவள் முறை. இதை எழுதும்போதே கிணற்றடியிலிருந்து கேட்கிறது, "விட்டு வாஆஆ..." மேலாள் இறைக்கிறான். தண்ணீர் என் வரப்பை ஒட்டிப் போகிறது, உள்ளே வரவில்லை. மைக்கூட்டை மூடிவிட்டு நான் அங்கேதான் போகிறேன்.

அந்த அம்மி திரும்ப வண்டியில் ஏறட்டும். அப்புறம் இந்த லீவுக் கதையை நம்புகிறேன்.