காணாமல் போன பதினைந்து நிமிடம்

மகளைப் பார்க்கப் போனபோது விமானம் ஒரு மணி இருபது நிமிடம் பறந்தது. திரும்பும்போது ஒரு மணி முப்பத்தைந்து. இரண்டு ஊருக்கும் நடுவே அறுநூற்று நாற்பது கிலோமீட்டர். போனாலும் அதேதான், வந்தாலும் அதேதான். முப்பது வருடம் நிலம் அளந்து ஓய்வு பெற்ற சர்வேயருக்கு இது தொண்டையில் சிக்கிய முள்ளாக உறுத்தியது.

"எதிர்க்காத்தா இருக்கும், விடுங்களேன்," என்றாள் மனைவி.

"காத்து அடிச்சா என் நேரம் போகணுமா? போனது எங்கயாவது கிடக்கும்."

மறுநாள் காலை விமான நிலையத்தில், தொலைந்த பொருள் பிரிவின் ஜன்னலில் போய் நின்றார். உள்ளே இருந்த பெண் சிரிக்கவில்லை, படிவத்தை எடுத்தாள்.

"என்ன பொருள் சார்?"

"பதினஞ்சு நிமிஷம்."

"நிறம்?"

"கவனிக்கல."

"பையில இருந்துச்சா, கையில இருந்துச்சா?"

சர்வேயர் யோசித்து, "கையில," என்றார்.

ஒரு வாரம் கழித்து போன் வந்தது. "சார், கிடைச்சிருச்சு. ஆனா பன்னெண்டுதான் இருக்கு. அடையாள அட்டையோட வாங்க."

சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஓடினார். ஜன்னலில் அவருக்கு முன்பே ஒரு பெண்மணி நின்றிருந்தார். பல் டாக்டர், அன்று பக்கத்து இருக்கையில் வந்தவர். அதே பன்னிரண்டு நிமிடம் தன்னுடையது என்று அவரும் எழுதிக் கொடுத்திருந்தார்.

ஜன்னல்காரப் பெண் இருவரையும் பார்த்தாள். "அந்த நேரத்துல என்ன பண்ணிட்டிருந்தீங்க? பொருத்தமா சொல்றவங்களுக்குத்தான் குடுப்பேன்."

சர்வேயர் மூளையைக் கசக்கினார். ஒன்றும் தேறவில்லை. "மேகத்தைப் பார்த்துட்டு வந்தேன்," என்று ஒப்பேற்றினார்.

"எங்க பார்த்தீங்க? என் தோள்ல சாஞ்சு வாயைப் பொளந்துட்டுத் தூங்கினீங்க," என்றார் டாக்டர். "எழுப்ப மனசு வராம நான் அசையாம உக்காந்திருந்தேன். மேல் வரிசையில, வலது பக்கம், கடைசிப் பல் ஓரம் உடைஞ்சிருக்கு. சரியா?"

சர்வேயர் நாக்கால் துழாவினார். உடைந்துதான் இருந்தது. காது வரை சூடேறியது. முப்பது வருடத்தில் ஓர் எல்லைக்கல்லைக்கூட அடுத்தவர் பக்கம் தள்ளி நட்டதில்லை அவர்.

"அவங்களுக்கே குடுத்துடும்மா," என்றார்.

டாக்டர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "இப்ப கையில நேரம் இருக்கு. அந்த பெஞ்சுல உக்காந்து வாயைத் திறங்க."

போன் வெளிச்சத்தில் பல்லைப் பார்க்க நாலு நிமிடம் ஆனது. மீதி எட்டு நிமிடமும் நிறுத்தாமல் திட்டினார். செவ்வாய்க்கிழமை வந்து பிடுங்கிக்கொள்ளச் சொன்னார்.

வீட்டில் சர்வேயர் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மனைவி எதற்கும் ஆச்சரியப்படவில்லை.

"தூங்கினீங்கன்னா குறட்டையும் விட்டிருப்பீங்களே. அதை அவங்க சொல்லலையா?"

டாக்டர் அதை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பெண்மணிமீது சர்வேயருக்கு அப்போதுதான் பெரிய மரியாதை உண்டாயிற்று.