பதுருன்னிசா டீச்சர் வாய் திறக்கவில்லை

பதுருன்னிசா டீச்சர் எட்டாம் வகுப்புக்குள் நுழைந்தார், வாயைத் திறக்காமல் வலது கையை மடக்கி உயர்த்தினார். பிள்ளைகள் போட்டது போட்டபடி நின்றார்கள். ஒருவன் டிபன் டப்பாவைத் திறந்த கையோடு, ஒருத்தி உட்காரப் போன பாதியிலேயே. வராந்தாவில் நின்று பார்த்த இன்னொரு டீச்சர் கலைவாணிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. இந்த அம்மாள் ஜெயித்துவிடுவார் போலிருக்கிறதே!

பதுருன்னிசா டீச்சரின் குரல் சாரம் வட்டாரம் முழுக்கப் பிரசித்தம். மூன்றாவது மாடியில் அவர் பாடம் நடத்தினால் கீழே சைக்கிள் நிறுத்துகிறவர்களுக்கும் மகரந்தச் சேர்க்கை புரிந்துவிடும். பள்ளிக்கு மைக் வாங்குகிற பேச்சு வரும்போதெல்லாம், நம் டீச்சர்தான் இருக்கிறாரே என்று கமிட்டிக்காரர்கள் தள்ளிப் போடுவார்கள். அந்தத் தொண்டைதான் இப்போது காலை வாரிவிட்டது. நவம்பரில் பிள்ளைகளை நேபாளத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டு விலங்குகளைக் காட்டி, மலையேற வைத்துக் கூட்டிவர வேண்டும் என்று ஒற்றை ஆளாக அலைந்து ஏற்பாடு செய்தவர் அவர். காண்டாமிருகம் திரிகிற புல்காட்டில் அங்கே நடந்தே போக வேண்டுமாம். யாராவது கத்தினால் அது மிரண்டு மேலே பாய்ந்துவிடுமாம்.

அதற்குத்தான் போன மாதம் ஊசுட்டேரியில் ஒத்திகை வைத்தார்கள். மாணவி ஹிபா சேற்றில் வழுக்கினாள். டீச்சர் போட்ட சத்தத்தில் ஏரியில் இருந்த பறவை அத்தனையும் கிளம்பிப் போய்விட்டது. கூட வந்த பிரின்சிபால் செல்வாம்பாள் காலியான தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை பார்ப்போம், அப்போதும் இப்படித்தான் என்றால் நேபாளத்துக்கு இவருக்குப் பதில் கலைவாணி போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

கலைவாணிக்குத் தூக்கம் போனது அன்றைக்குத்தான். திருப்பதியைத் தாண்டி எங்கேயும் போகாதவள். மலை ஏறுகிற ஷூ ஒன்றை வாங்கி, கணவன் வெற்றிவேலுக்குக்கூடச் சொல்லாமல் பீரோவுக்குள் வைத்திருந்தாள். ஆசைப்பட்டால் என்ன தப்பு? அவளாகவா போய்க் கேட்டாள்?

டீச்சர் அசரவில்லை. கையை மடக்கினால் நில், உள்ளங்கையைத் தாழ்த்தினால் உட்கார், இரண்டு விரலைக் கண்ணருகே கொண்டுபோய் நீட்டினால் அங்கே பார். பிள்ளைகளோடு சேர்ந்து இவரும் பழகினார். ஸ்டாஃப் ரூமிலும் அதே பாஷைதான். தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அவர் கணவர் அப்துல் முத்தலிப், ஒருநாள் டீச்சர் மறந்துபோன கண்ணாடியைக் கொடுக்க வந்தவர், கலைவாணியிடம் புலம்பிவிட்டுப் போனார்.

"உப்பு பத்தலன்னாகூட கையதான் காட்றாம்மா. இத்தினி வருஷம் திட்டு வாங்கியே சாப்ட்டவன். இப்ப சோறு எறங்க மாட்டேங்குது."

சாயங்காலங்களில் டீச்சர் காலாப்பட்டுக் கடற்கரை மணலில் நடந்தார். நம் ஊரில் ஏறிப் பழக மேடு ஏது? அரிசி மூட்டையை முதுகுப் பையில் வைத்துக்கொண்டு, ஐம்பது தாண்டிய முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு, முக்காடு காற்றில் படபடக்கக் கால் புதையப் புதைய நடப்பதைக் கலைவாணி பார்த்திருக்கிறாள். எரிச்சலாகவும் இருந்தது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. இத்தனை பாடு எதற்கு என்று மறுநாள் கேட்டே விட்டாள். டீச்சர் அன்றைக்கு அவளுக்காக வாய் திறந்தார், அதுவும் மெதுவாக.

"கத்துறது சுலுவு கலை. நான் கோவத்துல கத்தல, பயத்துல கத்துறேன். எம்பயத்த தூக்கி புள்ளைங்க மேல போட்டா, அதுங்க எங்க ஓடும் சொல்லு?"

இரண்டாவது ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை விடியலில். வேனை விட்டு இறங்கியதும், எல்லாரும் போனை அணைக்கும்படி டீச்சர் சைகை காட்டினார். கலைவாணி பைக்குள் கையை விட்டாள், போனைத் தொட்டாள், அணைக்காமலே கையை எடுத்துவிட்டாள். ஞாயிறு காலையில் வெற்றிவேல் எழுந்ததும் காபித்தூள் எங்கே என்று கட்டாயம் கூப்பிடுவான். அவள் போனின் மணி ஊரைக் கூட்டும், டீச்சரும் பதறிக் கத்திவிடுவார். நானா கத்தப் போகிறேன், போன்தானே என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டாள். மனசு சமாதானம் ஆகவில்லை.

ஏரிக்கரை மேல் வரிசையாக நடந்தார்கள். முன்னால் டீச்சர், கடைசியில் கலைவாணி, அவளுக்கு முன்னால் பிரின்சிபால். தாமரை இலைகள் பரந்து கிடந்த ஓரத்தில் அஃப்னானின் கால் சறுக்கியது. பையன் சரிந்து இடுப்பு வரைக்கும் சேற்றுக்குள் போய்விட்டான். டீச்சரின் கழுத்து நரம்பு புடைத்தது. முக்காட்டு நுனியை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டார். மடக்கிய கை மேலே போனது. வரிசை அசையாமல் நின்றது. அவர் அப்படியே மண்டியிட்டு, பையனின் கண்ணைப் பார்த்துக்கொண்டே இரண்டு கையாலும் அவனைப் பிடித்து இழுத்து மேலே ஏற்றினார். ஒரு கொக்குகூட எழும்பவில்லை. பையன் மிரளவில்லை, டீச்சர்தான் கடித்த முக்காட்டை இன்னும் விடவில்லை.

கலைவாணிக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. நேபாளம் போய்விட்டது என்பதும் அதே நிமிஷம் புரிந்தது. அழுகை முட்டியது. பையைத் திறந்தாள். போன் திரையில் வெற்றிவேலின் பெயர் அப்போதுதான் ஒளிர்ந்தது. மணி அடிக்கும் முன்பே அழுத்தி அணைத்தாள்.

நிமிர்ந்தபோது டீச்சர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதிருந்து பார்க்கிறாரோ தெரியவில்லை. முகத்தில் கோபம் இல்லை. வரிசையின் முன்னால் தன் பக்கத்துக்கு வரச் சொல்லிக் கையசைத்தார். கலைவாணி ஒவ்வொரு பிள்ளையாகத் தாண்டி, குதிகாலை முதலில் ஊன்றி, சத்தமில்லாமல் போய் நின்றாள்.

கைக்கு எட்டும் தூரத்தில் தாமரை இலை மேல் இலைக்கோழிப் பறவை ஒன்று நின்றது. சுற்றிலும் பஞ்சு மாதிரி குஞ்சுகள். அது உடம்பைத் தாழ்த்தி, குஞ்சுகளை இறக்கைக்கு அடியில் வாரி இடுக்கிக்கொண்டு எழுந்தது. இறக்கைக்குக் கீழே குச்சி குச்சியாகக் குட்டிக் கால்கள் தொங்கின. அந்தக் கால்கள் ஆட ஆட, அது இலைக்கு இலை அடியெடுத்து வைத்து அவர்களைக் கடந்து நடந்து போனது.