ஆட்டுக்குட்டி எடையில் ஒரு மிஷின்

அரிமளத்திலிருந்து புதுக்கோட்டை போகும் டவுன் பஸ்ஸில், அடைக்கலத்தின் மடியில் ஓர் ஆட்டுக்குட்டி உட்கார்ந்திருந்தது. அதற்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார் கண்டக்டர். அடைக்கலம் நியாயம் பேசினான். இந்த பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், இதுவும் பெட்டைக்குட்டிதான், பிறகென்ன?

“ஆட்டுக்கு இன்னும் அறிவிப்பு வரலண்ணே,” என்று டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார் கண்டக்டர். அடைக்கலம் கை நீட்டுவதற்குள் குட்டி அதை வாங்கித் தின்றுவிட்டது.

செக்கிங் ஏறினால் குட்டியின் வயிற்றைத்தான் காட்ட வேண்டும் என்ற கவலையோடு அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். சாலையோரம் முழுக்கத் தைல மரங்கள். அவனுக்கும் அவன் மனைவி முனியாயிக்கும் சோறு போடுகிற மரங்கள். அவன் மிஷின் ரம்பத்தால் மரத்தைச் சாய்ப்பான். அவள் பின்னாலேயே வந்து அரிவாளால் கிளைகளை வெட்டிக் கொப்பு கழிப்பாள். அவளுக்குப் பின்னால் மற்ற பெண்கள் பட்டை உரிப்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். அவன் முன்னால் போகிறான் என்பது ஊருக்குத் தெரிந்த விஷயம். அவனைப் பின்னாலிருந்து விரட்டுவது யார் என்பது காட்டுக்குத் தெரிந்த விஷயம்.

போன மாதம் முனியாயியின் வலது மணிக்கட்டு மக்கர் செய்தது. அரிவாளை ஓங்கி வெட்டும் வேலை இனி கூடாது என்றார் டாக்டர். மிஷின் பிடிக்கலாமா என்று அவளே கேட்டாள். லேசானதாக இருந்தால் பிடிக்கலாம், ஆனால் அடிக்கடி நிறுத்திக் கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றார்.

அன்றிலிருந்து அவள் வீட்டில் இருந்தாள். சமையல்கட்டு டப்பாக்கள் இடம் மாறின. மறுவாரம் மறுபடி மாறின. அடைக்கலம் காபியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு, வம்பு எதற்கு என்று நல்லாயிருக்கு என்றான். அதெல்லாம் சிரிப்புதான். ஒரு சாயங்காலம் அவன் வரும்போது, அவள் அரிவாளை இடது கையில் பிடித்து வேலிக் கிளுவையை வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டு வழுக்கியது. அவனைக் கண்டதும் அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு, ஆட்டுக்குத் தழை பறிக்க வந்ததாகச் சொன்னாள். அவன் கிடந்த நாலு தழையைப் பொறுக்கி ஆட்டுக்குப் போட்டான்.

மேஸ்திரி ரெங்கராஜ் திங்கட்கிழமை அரிமளம் காட்டில் வெட்டு ஆரம்பிக்கிறார். முனியாயி மிஷினோடு வந்தால் அவள் இடம் அவளுக்கு, இல்லையென்றால் வேறு ஆள் போடுவதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டார். அதனால்தான் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் லேசான மிஷின் ஒன்று வாங்கிக் கொடுத்து அசத்திவிடலாம் என்று அடைக்கலம் கிளம்பினான்.

ஆட்டுக்குட்டி எதற்கு என்றால், அதில்தான் அவனுடைய மூளை இருந்தது. பெரிய மிஷினையே வருடக்கணக்காகத் தூக்கிப் பழகியவன் அவன். கடையில் எதைத் தூக்கினாலும் அவனுக்குப் பஞ்சுதான். கிலோ என்ன சொன்னாலும் அது முனியாயியின் கைக்கு எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் தாய் செத்துப்போன இந்தக் குட்டியை அவள் தினமும் முகம் சுளிக்காமல் தூக்கிவைத்துப் புட்டிப்பால் கொடுக்கிறாள். ஆக, குட்டிதான் எடைக்கல்.

புதுக்கோட்டையின் திருக்கோகர்ணத்தில் மிஷின் கடை நடத்துவது ஷீபா. படித்த பெண், கலகலப்பானவள். தண்ணீர் மோட்டாரிலிருந்து மருந்தடிக்கும் ஸ்பிரேயர் வரை அவள் கடையில் உண்டு. குட்டியோடு வந்தவனைப் பார்த்து, கால்நடை ஆஸ்பத்திரி அங்கிட்டு இருக்கு என்று கை காட்டினாள். அடைக்கலம் விஷயத்தைச் சொன்னான். அவள் சிரிக்காமல் கேட்டதே பெரிய விஷயம்.

சுவரில் தொங்கிய மிஷின்களை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தாள். அடைக்கலம் இடது கையில் குட்டியையும் வலது கையில் மிஷினையும் பிடித்து, கண்ணை மூடி, தராசு போல நின்றான். அட்டையில் போட்டிருப்பது பெட்ரோலும் ஆயிலும் ஊற்றாத எடை, பிளேடும் செயினும் தனி என்று ஷீபா எச்சரித்தாள். குட்டிக்கும் அந்தப் பிரச்சினை இருந்தது. காலையில் புட்டிப்பால் குடித்திருந்தது. போதாததற்குத் தினமும் வளர்ந்துகொண்டு வேறு இருந்தது. அவன் அதைச் சொல்லி வாய் மூடுவதற்குள், குட்டி கவுண்டர் மேலேயே தன் எடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டது.

ஷீபா பழைய பேப்பரால் துடைத்தாள். கடைசியில் அவன் கடையிலேயே லேசான மிஷினைத் தேர்ந்தெடுத்து, குட்டியைவிடக் குறைவு என்று பெருமையாகக் கவுண்டரில் வைத்தான். அவள் பில் புத்தகத்தைத் திறந்தாள். எதையோ நினைத்து மூடினாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கவா? டிக்கெட் எடுத்து ஆட்டைக் கூட்டியாந்திருக்கீங்க. ஃப்ரீயா வர்ற அக்காவை ஏன் கூட்டியாரலை?”

அடைக்கலம் எடுத்த பணத்தை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டான். குட்டிதான் பதிலுக்குக் கத்தியது.

வீட்டுக்குத் திரும்பியபோது முனியாயி வாசலிலேயே நின்றாள். குட்டியைக் காணோம் என்று தெருவெல்லாம் தேடியிருக்கிறாள். அவன் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தான். அவளோ முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, மூச்சு முட்ட, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வேலை நின்ற பிறகு அவள் அப்படிச் சிரித்து அவன் பார்க்கவில்லை. இதற்காகவே தினம் ஓர் ஆட்டை பஸ்ஸில் ஏற்றலாம் போலிருந்தது.

மறுநாள் இருவரும் போனார்கள். குட்டி வீட்டில்.

ஷீபா முதலில் பேட்டரி மிஷினைக் காட்டினாள். பட்டனை அமுக்கியதும் ஓடியது. முனியாயியின் முகம் மலர்ந்தது. ஆனால் சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டதும் சுருங்கியது. “காட்டுல எந்த மரத்துல கண்ணு பிளக் இருக்கு?” என்றாள். ஷீபா அதைத் திரும்ப மாட்டிவிட்டாள்.

அடுத்து, அடைக்கலம் முந்தைய நாள் தேர்ந்தெடுத்த லேசான மிஷின். கடைக்குப் பின்னால் திறந்த இடத்தில் வைத்தார்கள். முனியாயி அதைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. குனிந்து, காலால் பிடியை மிதித்துக்கொண்டு, ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மிஷின் இருமியது. மறுபடி இழுத்தாள். கயிறு பாதியில் சுண்டிப் பின்னால் இழுக்க, அவள் கையை வெடுக்கென்று எடுத்து இடுப்பில் அழுத்திக்கொண்டாள். அவள் உதடு வெளுத்ததை அடைக்கலம் மட்டும் பார்த்தான்.

எடை, எடை என்று ஆட்டோடு ஊரைச் சுற்றியவனுக்கு இந்தக் கயிறு ஞாபகத்துக்கே வரவில்லை. தன் மிஷினின் கயிற்றைப் பல் விளக்குவதுபோல நினைக்காமலே இழுக்கிறவன் அவன்.

“கயித்தை நான் இழுத்து விடுறேன் முனி. நீ அறுத்தா மட்டும் போதும்,” என்றான்.

அவள் நிமிர்ந்தாள். “டாக்டர் விட்டு விட்டு ஓய்வெடுக்கச் சொல்லிருக்காரு. நீங்க அங்கிட்டு மரத்தைத் தள்ளிக்கிட்டு இருப்பீங்க. ஒவ்வொரு தடவையும் நான் நிறுத்திட்டு, ‘வாங்க, வந்து இழுத்து விடுங்க’ன்னு இங்கிட்டு நின்னு கூப்பிடணுமா? அதுக்கு நான் வீட்டுலயே இருந்துட்டுப் போறேன்.”

அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்கு வலித்தது.

ஷீபா உள்ளே போய் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி வந்தாள். “இது கொஞ்சம் கனம் கூடக்கா, அதான் நேத்து அண்ணன்கிட்ட காட்டலை. ஆனா ஸ்டார்ட்டருக்குள்ள ஸ்பிரிங் ஒண்ணு வச்சிருக்கான். வேகமா இழுக்கவே வேணாம். மெதுவா இழுங்க, அதுவே சுண்டிவிடும்.”

குட்டியைவிடக் கனம் என்று அடைக்கலம் ஒரு பார்வையிலேயே கண்டுகொண்டான். வாயைத் திறந்தான். முனியாயி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான்.

“சாஞ்சு கெடக்குற மரத்து மேல வச்சு நகத்திக்கிட்டேதான் போகப் போறேன். கனத்தை மரம் சொமக்கட்டும்,” என்றாள் அவள்.

குனிந்தாள். கயிற்றை, கிணற்றிலிருந்து வாளியை எடுப்பதுபோல, நிதானமாக இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை. மிஷின் உறுமிப் பிடித்துக்கொண்டது. அவள் கையை உதறவில்லை, இடுப்பில் அழுத்தவில்லை. நிறுத்தினாள். மறுபடி இழுத்தாள். ஓடியது. நிறுத்தினாள். மறுபடி. விட்டால் கடை சாத்தும் வரை அதையே செய்துகொண்டிருப்பாள் போலிருந்தது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் மிஷினைத் தர மாட்டேன் என்று ஷீபா அடம்பிடித்தாள். அதையும் வாங்கினார்கள். திரும்பும் பஸ்ஸில் அதே கண்டக்டர். ஆடு எங்கே என்று கேட்டார். அடைக்கலம் பெருந்தன்மையாக, அறிவிப்பு வந்ததும் கூட்டிவருகிறேன் என்றான்.

திங்கட்கிழமை விடிந்தபோது கொடியில் கிடந்த அவன் பேண்ட்டையும் முழுக்கைச் சட்டையையும் காணவில்லை. முனியாயி பேண்ட்டை உள்ளே போட்டு, அதன்மேல் சேலையைத் தூக்கிச் செருகி, சட்டையைப் பொத்தான் மாட்டித் தயாராக நின்றாள். சேலை நுனி செயினில் மாட்டிக்கொள்ளக் கூடாதாம். இருந்த ஒரே நல்ல பேண்ட் அது. அடைக்கலம் கிழிந்ததைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டான்.

காட்டில் ரெங்கராஜ் அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். பட்டை உரிக்கும் பெண்கள் மிஷினைச் சுற்றி நின்றார்கள். புவனேஸ்வரி என்ற பெண் தன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். வேலை தொடங்கியது. அடைக்கலம் மரத்தைச் சாய்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தான். பின்னால் சின்ன மிஷின் ஓடும் சத்தம், கொப்புகள் சரசரவென்று விழும் சத்தம். தைல வாசனை.

திடீரென்று சின்ன மிஷின் நின்றது.

அவனும் தன் மிஷினை நிறுத்தினான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான். கூப்பிட்டால் ஓடலாம் என்று கால் மட்டும் தயாராக இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. புவனேஸ்வரி ஏதோ கேட்டதும் முனியாயி ஆட்டுக்குட்டி பஸ் ஏறிய கதையைச் சொல்வதும் கேட்டது. பெண்கள் சிரித்தார்கள். தன் மானம் காடு முழுக்கப் போவதை அடைக்கலம் நின்று கேட்டான். சுகமாகத்தான் இருந்தது.

கொஞ்சம் பொறுத்து, மெதுவாக ஓர் இழுப்பு. இன்னொன்று. மிஷின் பிடித்துக்கொண்டது.

“என்னங்க வேடிக்கை?” என்று அந்தச் சத்தத்துக்கு மேல் அவள் குரல் வந்தது. “கழிக்க மரம் இல்லாம நிக்கிறேன். அடுத்ததைத் தள்ளுங்க.”

அடைக்கலம் தன் கயிற்றை அவசரமாக இழுத்தான். முதல் இழுப்பில் ஓடவில்லை.