பூத்த கிளை

பள்ளிவாசலிலிருந்து கொண்டுவந்த, சடலம் சுமக்கும் சந்தூக்கு முற்றத்தில் நுழைந்ததுமே அதன் மூடி மாங்கிளையில் இடித்தது. சுமந்து வந்தவர்களின் தலையில் பூ பொலபொலவென்று உதிர்ந்தது.

"இறக்குங்க, இறக்குங்க," என்றார் பள்ளிவாசல் மோதினார். "இந்தக் கிளை இருந்தா ஆகாது. சந்தூக்கைத் தூக்கிப் பிடிச்சா, முறைப்படி அடியில பொண்ணும் பேரப் புள்ளையும் மூணு தரம் நுழைஞ்சு வரணுமே. வெட்டிடலாமா?"

எல்லோரும் சுமார்னியைப் பார்த்தார்கள். விடியற்காலையில் கணவர் கர்சிடியின் மூச்சு நின்றதிலிருந்து அவள் வாசற்படியில்தான் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருந்தது.

"வெட்டுங்க."

கர்சிடியின் தம்பி பார்ஜோவுக்குச் சுருக்கென்றது. "என்ன அண்ணி, மரம் பூராவும் பூவா நிக்குது. நம்ம ஊர்ல மா பூக்கிறதே ஆகஸ்ட்லதான், இப்பப் போய் யாராச்சும் மாமரத்துல கத்தி வைப்பாங்களா? அண்ணன் இருந்தா விட்டிருப்பாரா?"

"விட்டிருக்க மாட்டாரு."

அந்தக் கிளை முன்னறைச் சன்னலை அடைத்துக்கொண்டு தாழ்ந்து கிடந்தது. பகலிலும் அங்கே விளக்கு வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதிலிருந்து அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆகஸ்டில் கேட்டால் பூத்திருக்கிறது என்பார். மழை பிடித்தபின் கேட்டால், வெட்டின இடத்தில் தண்ணீர் இறங்கி அழுகிவிடும் என்பார். மழை ஓய்ந்தபின் கேட்டால், இப்போது வெட்டினால் தளிராகத் தள்ளும், அடுத்த பூ போய்விடும் என்பார். எல்லாம் சரிதான். காய் இறங்கி, மழை வலுப்பதற்குள் நடுவே கொஞ்ச நாள் கிடைக்கும், அதுதான் தோது என்று சொன்னவரும் அவர்தான். அந்த நாட்களில் அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் யார் வீட்டிலாவது கல்யாணம் வந்துவிடும்.

போன வருடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கி உட்கார்ந்தபோதும் அதே பேச்சு. "மாங்கா இறங்கட்டும் சுமார். ஆஸ்பத்திரிக்குப் போவோம்." மாங்காய் இறங்கியது. மழை வந்தது. பிறகு நோன்பு வந்தது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பார்ஜோ," என்றாள் சுமார்னி. "பின்ன எப்ப வெட்டலாம்? நீயே சொல்லு."

"முறைப்படி பார்த்தா காய் பறிச்சதுக்கு அப்புறம்..."

"அதுவரைக்கும் உங்கண்ணனை உள்ளேயே வச்சிருக்கவா?"

சமையற்கட்டிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்ஜோ போய் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினான். பக்கத்து வீட்டுக்காரன் துகிமின், கையில் ரம்பத்தோடு அதில் ஏறினான்.

"மேல இருந்து அறுக்காதே," என்றான் பார்ஜோ கீழே நின்றபடி. "முதல்ல அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துக்கோ. இல்லைன்னா பட்டை உரிஞ்சுக்கிட்டு வந்துரும்."

"தெரியும்ண்ணே."

"தெரியும்னா செய்யேன்டா!"

கிளை முனகிக்கொண்டு சாய்ந்தது. சுமார்னி எழுந்து உள்ளே போனாள்.

முன்னறையில் வெயில் அடித்தது. சுவரில் ஒட்டடை, தரையில் காப்பிக் கறை, கட்டிலின் காலில் கறையான் தின்ற தடம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. கர்சிடியை மார்புவரை பாத்திக் சாயத் துணியால் போர்த்தியிருந்தார்கள். நேற்று விளக்கு வெளிச்சத்தில் அவள்தான் சவரம் செய்துவிட்டாள். நன்றாகத்தான் செய்திருந்ததாக நினைத்தாள். தாடைக்குக் கீழே ஒரு திட்டு வெள்ளை முடி விட்டுப்போயிருந்தது.

கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். சொரசொரத்தது.

"அம்மா, குளிப்பாட்ட வந்திருக்காங்க," என்றாள் மகள் ரெத்னோ, வாசலில் நின்று.

"வரச் சொல்லு," என்றாள். விரலை எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. சந்தூக்கை உயர்த்திப் பிடித்தார்கள். ரெத்னோ கைக்குழந்தையோடு குனிந்து மூன்று தரம் அடியில் நுழைந்து வந்தாள். எதுவும் எங்கும் இடிக்கவில்லை. ஆண்கள் கிளம்பிப் போனார்கள். சந்து முனை திரும்பும்வரை சுமார்னி நின்றாள்.

"ஒரு வாயாவது சாப்பிடும்மா," என்று ரெத்னோ சோறும் பொரித்த சோயாத் தெம்பேயும் தட்டில் கொண்டுவந்து கொடுத்தாள். சுமார்னி அதைச் சன்னலோரம் எடுத்துப்போய் உட்கார்ந்தாள்.

வெட்டிய கிளையைத் தெருவோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள். துகிமின் வீட்டு ஆடுகள் அதைச் சுற்றி நின்று, முதலில் பூவையும் பிறகு இலையையும் மென்றுகொண்டிருந்தன. ஒரு குட்டி உச்சிக் கொப்புக்கு எட்டாமல் முன்னங்கால்களைத் தூக்கித் தூக்கி வைத்தது. அது எட்டிப் பிடிக்கும்வரை சுமார்னி சோற்றில் கை வைக்கவில்லை.