அமலம்மாள் நான்தான்

சிறுகதைப் போட்டியில் துளசிக்கு முதல் பரிசு என்று அறிவித்த அதே மேடையில் எனக்கு ஆறுதல் பரிசு கொடுத்தார்கள். ஆறுதலாம்! இருபத்தாறு வருடமாக எழுதுகிறவனுக்கு, நேற்று எழுத வந்த பெண்ணின் கைதட்டல் ஓய்ந்த பிறகு, ஓர் ஆறுதல். வயிறு எரிந்தது என்று நாகரிகமாகச் சொல்லலாம். உண்மையில் அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை.

நான் கோகிலன். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர். வீடு எதிரே தீவில், டத்தோ கிராமாட்டில். தினமும் கடல்பாலத்தைக் கடந்து போய், அடுத்தவன் செய்த பொருளில் குறை கண்டுபிடித்துவிட்டு, மறுபடி பாலத்தைக் கடந்து வருகிறவன். எங்கள் எழுத்தாளர் சங்கத்துக்கு ஒன்பது வருடமாகச் செயலாளர். நாற்காலி போடுவது, ஒலிபெருக்கிக்காரனைத் துரத்துவது, வந்தவர்களுக்குத் தண்ணீர் போத்தல் நீட்டுவது எல்லாம் நான். மாலை மட்டும் எப்போதும் வேறு யார் கழுத்திலோ விழும்.

அந்த வேறு யாரோ பெரும்பாலும் கிளிஃபர்ட். சிம்பாங் அம்பாட்டில் பள்ளி ஆசிரியன், முப்பது வருட நண்பன். அவன் நன்றாக எழுதுவான். அதை நானே சபையில் சொல்லியிருக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறேன். பத்து வருடம் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதி முடித்திருந்தான். ஆகஸ்டில் சங்கமே வெளியிடுவதாக மண்டபம் பிடித்தாகிவிட்டது. பிடித்தவனும் நான்தான்.

துளசிக்கு முப்பத்தொரு வயது. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளர். என்னை வாய் நிறைய அண்ணே என்றுதான் கூப்பிடுவாள், அதுதான் இன்னும் எரிச்சல். கொஞ்சம் திமிராகப் பேசியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

பரிசளிப்பு முடிந்த மறுவாரம், தொழிற்சாலை கேண்டீனில் காலை ஓய்வு நேரத்தில், முகநூலில் ஒரு கணக்குத் திறந்தேன். பெயர் அமலம்மாள். ஓய்வுபெற்ற தாதி, வயது எழுபத்திரண்டு, படத்துக்கு ஓர் ஆர்க்கிட் பூ. கிறிஸ்துவப் பெயரை ஏன் வைத்தேன் என்று பிற்பாடு என்னையே எத்தனையோ முறை கேட்டுக்கொண்டேன். யாருக்கும் கோகிலன் ஞாபகம் வரக்கூடாது, அவ்வளவுதான் அன்று என் புத்தியில் இருந்தது. எங்கள் வட்டத்தில் இருக்கிற ஒரே கிறிஸ்துவன் கிளிஃபர்ட் என்பது, சத்தியமாக, எனக்கு உறைக்கவில்லை.

அமலம்மாள் துளசியின் சிறுகதைப் புத்தகத்தை வாரம் ஒரு கதையாக வாசித்துக் கருத்துச் சொன்னாள். 'கண்ணீர் வரும் என்று பின்னட்டையில் போட்டிருந்தார்கள். கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கதை முடிந்தது. அதில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு உள்ளே வைத்துவிட்டேன்.' இது முதல் பதிவு. என் பெயரில் ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு மாதம் ஆகும். அந்தக் கிழவியின் பெயரில் உட்கார்ந்தால் ஒரு கோப்பி ஆறுவதற்குள் எழுதி முடித்துவிடுவேன்.

ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மனைவி புஷ்பவள்ளி, என் கதை ஒன்றைக்கூடக் கடைசிவரை படித்தறியாதவள், அமலம்மாளைச் சத்தம் போட்டுப் படித்து எனக்கே காட்டினாள். "எழுதுனா இப்படில்ல எழுதணும்" என்றாள். நான்தான் அது என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சாம்பாரை ஊற்றிக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஐந்தாவது பதிவில் விடவில்லை.

துளசிக்குப் பரிசு வாங்கிக் கொடுத்த கதை, தாய் சாகும்போது பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்ட மகளைப் பற்றியது. உண்மையில் அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தபோது துளசி கோலாலம்பூரில் வேறொரு பரிசளிப்பு விழாவில் இருந்தாள். போனை அமைதியில் போட்டிருந்தாள். பதினேழு அழைப்புகள். இதை ஒரு நாள் கூட்டம் முடிந்து தே தாரிக் டீ குடிக்கும்போது கிளிஃபர்ட்டிடமும் என்னிடமும் சொல்லி அழுதாள். வேறு யாருக்கும் சொன்னதில்லை என்றாள். நான் அவள் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தேன்.

அமலம்மாள் எழுதினாள்: 'தாய் சாகும்போது பக்கத்தில் இருந்த மகளின் கதை. பக்கத்தில் இருந்த மகள் எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.'

இரண்டே வரி. போட்டுவிட்டு நாலு தடவை படித்துப் பார்த்தேன். கெட்ட காரியம் என்று தெரிந்தது, ஆனால் அதைவிட, வரி நன்றாக விழுந்திருக்கிறது என்று தெரிந்தது. ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது. என் வாழ்நாளில் நான் எழுதிய நல்ல வரி அதுதான்.

மூன்றாம் நாள் துளசி தன் பக்கத்தில் எழுதினாள். இது விமர்சனம் இல்லை, இணையப் பகடிவதை, ஆளைக் குறிவைத்துத் துன்புறுத்துவது என்றாள். வேலைக்குப் போக முடியவில்லை, அம்மாவின் படத்தைப் பார்க்க முடியவில்லை என்றாள். போலீசில் புகார் செய்திருப்பதாகவும், இந்த விஷயம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர் என்றும் எழுதியிருந்தாள். போலீஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் கேண்டீன் கழிப்பறைக்கு ஓடினேன். அங்கே நின்றுகொண்டே அமலம்மாளை அழித்தேன். எழுதியதெல்லாம் நேராகப் போனில் எழுதியது, ஒரு துண்டுத் தாள் கிடையாது. ஆனால் ஊரே படம் பிடித்து வைத்திருந்தது.

இரண்டு பேரில் ஒருவன் நான். எப்படியும் என் பெயர் வரும் என்று பயந்து இரண்டு நாள் மருத்துவ விடுப்புப் போட்டேன். வரவில்லை. ஒரு பேச்சுக்குக்கூட வரவில்லை. அமலம்மாள், கிறிஸ்துவப் பெயர், கிளிஃபர்ட். முடிந்தது கதை. எழுத்தையும் பாருங்கள் என்றார்கள், இந்தக் கூர்மை நம்மில் வேறு யாருக்கு இருக்கிறது? அவனுக்கு எதிராக இருநூறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவன் பள்ளிக்கு யாரோ கடிதம் எழுதினார்கள். நாவல் வெளியீட்டை நிறுத்த வேண்டும், சங்கத்தை விட்டு நீக்க வேண்டும் என்று எங்கள் வாட்ஸ்அப் குழு கொதித்தது.

வெளியீடு நிற்கப் போகிறது என்றதும் முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். மறைத்து என்ன ஆகப்போகிறது, சந்தோஷம்தான். அன்று இரண்டு ரொட்டி சானாய் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அந்தச் சந்தோஷம் நாலு நாள் நீடித்தது. பிறகு பாராட்டு ஆரம்பித்தது. செய்தது தவறு, ஆனாலும் என்ன தமிழ் என்றார்கள். தலைநகரில் ஒரு விரிவுரையாளர், கிளிஃபர்ட் எழுதியதிலேயே உச்சம் இந்தக் கிழவிதான், பகடிக்கு இதைப் பாடமாக வைக்கலாம் என்று நீளமாக எழுதினார். கைக்குட்டை வரியை மேற்கோள் காட்டியிருந்தார். என் கைக்குட்டை! புஷ்பவள்ளிகூட, அந்த அமைதியான மனுஷனுக்குள்ளே இவ்வளவு நக்கலா என்று வியந்து, அவன் பழைய புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

எனக்குத் தூக்கம் போனது. ஒருவன் என் பர்ஸைத் திருடினால் கத்தலாம். இதற்கு எங்கே போய்க் கத்துவது?

கிளிஃபர்ட் ஒரு சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். தன் மனைவி எவ்லினிடம் துளசியின் விஷயத்தை ஒருமுறை சொல்லிவிட்டானாம், அவள் மாதா கோயிலில் யாரிடமாவது சொல்லியிருப்பாளோ என்று வீட்டில் தினமும் சண்டையாம். என்னைச் சந்தேகிக்க வந்திருக்கிறான் என்று நான் வியர்த்துப் போய் உட்கார்ந்திருந்தேன். அவன் அமலம்மாள் பதிவுகளின் படங்களைப் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"எவன்டா கோகி இது? நம்மள்ல இவ்ளோ நல்லா எழுதுற ஆளு யாருன்னு யோசிச்சு யோசிச்சு மண்டையே காயுது. எனக்கே இப்படி வராது லா."

ஓரடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். முகத்தைப் பார்த்துக் கேட்கிறான். என் நண்பன், மொழி தெரிந்தவன், எழுத்தை மோந்து பார்த்தே ஆளைச் சொல்கிறவன், என்னைத் தவிர எல்லாரையும் யோசித்துவிட்டான். அந்த நிமிடம் முடிவு செய்தேன். அவனைக் காப்பாற்றுவதற்காக என்று எழுதினால் எனக்கு நல்ல பெயர் கிடைக்கும். ஆனால் அது பொய். அந்தக் கிழவி எனக்கு வேண்டும், அவ்வளவுதான். வேலை போனாலும் சரி, போலீஸ் வந்தாலும் சரி, என் எழுத்தில் என் பெயர் இருக்க வேண்டும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, அச்சகத்துக்கு மேல்மாடியில் எங்கள் சங்க அறையில் அவசரக் கூட்டம். தலைவர் சந்திரசேகரன் நடுவில். செயற்குழு என்னோடு சேர்த்துப் பதினோரு பேர். துளசியை விசேஷமாக அழைத்திருந்தார்கள். கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது. கிளிஃபர்ட் வரவில்லை. 'நான் எழுதவில்லை' என்று ஒரே வரியில் கடிதம் அனுப்பியிருந்தான். தலைவர் அதைப் படித்து முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"அமலம்மாள் நான்தான்" என்றேன்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதல் பரிசு, கேண்டீன், ஆர்க்கிட் பூ, தே தாரிக் மேசை. கணக்கை அழித்த கழிப்பறை உட்படச் சொன்னேன். சொல்லச் சொல்ல உடம்பு லேசானது. அவர்கள் வாயைப் பிளப்பார்கள், அடப்பாவி நீயா என்பார்கள், திட்டுவார்கள், ஆனால் இனிமேல் என்னை வேறு மாதிரிப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் முகத்தில் கோபமே இல்லை, பரிதாபம்தான் இருந்தது. உட்காருப்பா கோகிலா என்றார், நண்பனுக்காகப் பேசுகிறாய் என்று புரிகிறது, ஆனால் இது விளையாட்டு இல்லை என்றார். நான் மேசையைத் தட்டினேன். துளசியிடமே திரும்பி, நீ சொன்ன இரண்டு பேரில் நானும் ஒருவன்தானே, என்னை ஏன் சந்தேகிக்கவில்லை என்று கத்தினேன்.

அவள் பையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தாள். புத்தகத்தில் அடுத்த கதை நடைப்பயணம் போகும் ஒரு கிழவரைப் பற்றியது, அமலம்மாள் அதைப் பற்றி என்ன சொல்வாள் என்று நாலு வரி எழுதச் சொன்னாள். எழுதிவிட்டால் நம்புகிறேன் என்றாள்.

இதென்ன பெரிய காரியம்? பேனாவை எடுத்தேன். எல்லாரும் என் கையையே பார்த்தார்கள். கிழவியைக் கூப்பிட்டேன். வரவில்லை. கேண்டீனில் ஒரு கோப்பிக்குள் ஓடி வருகிறவள், என் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கூர்மையாக ஏதாவது, நக்கலாக ஏதாவது என்று தேடினேன். ஒரு வரி எழுதினேன், அடித்தேன். இன்னொன்று எழுதினேன். கால் மணி நேரம் கழித்துத் தாளில் இருந்தது இதுதான்: 'அந்திச் சூரியன் குருதி சிந்திய வேளையில், அந்த முதியவரின் பாதங்கள் காலமென்னும் நெடுஞ்சாலையில் சுவடு பதித்த காட்சி, வாசக நெஞ்சங்களை வருடிச் செல்கிறது.'

துளசி அதை எடுத்துப் படித்தாள். அவள் முகம் இளகிவிட்டது. தாளை நாலாக மடித்து, யாருக்கும் காட்டாமல், பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தத் தயவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"உங்களுக்கு நல்ல மனசுண்ணே. ஆனா அவ்ளோ நல்லா எழுத உங்களுக்கு வராது. அதான் அன்னிக்கே உங்கள நான் நெனைக்கல" என்றாள்.

நான் அழுதேன். ஐம்பத்து நாலு வயதில், சட்டைப் பையில் சங்கத்துப் பேனா குத்தியிருக்க, எல்லார் முன்னாலும் குலுங்கிக் குலுங்கி அழுதேன். நட்புக்காக அழுகிறேன் என்று நினைத்து இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்படி ஒருவன் கூட இருக்கக் கிளிஃபர்ட் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். தலைவர் எழுந்து வந்து தண்ணீர் போத்தலைத் திறந்து கொடுத்தார்.

நாலேகாலுக்கு ஓட்டெடுத்தார்கள். கிளிஃபர்ட்டை நீக்கவும், நாவல் வெளியீட்டை ரத்து செய்யவும் பத்துக் கைகள் உயர்ந்தன. கூட்டக் குறிப்பு எழுதுவது செயலாளர் வேலை. தலைவர் மெதுவாக, நான் பின்தங்கிவிடக்கூடாது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். திரு. கிளிஃபர்ட் அமலம்மாள் என்ற பெயரில் எழுதியது உறுதியானதால் நீக்கப்படுகிறார். திரு. கோகிலன் நட்பின் காரணமாக வாக்களிக்கவில்லை. நான் இரண்டையும் எழுதி, கீழே என் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன்.