நிலக்கீழ்ச் சமையலறை

ஜனவரி மூன்றாம் வாரத்தில் எங்கள் வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபர்னஸ் நின்றுபோனது. மல்வேர்னில் நாங்கள் இருக்கும் வீடு எழுபதுகளில் கட்டியது. அதில் எதுவும் ஒரேயடியாக நிற்பதில்லை, முதலில் முனகும். இதுவும் ஒரு மாதம் முனகிவிட்டுத்தான் நின்றது.

புதிதாக எதைப் போடலாம் என்று பார்க்க ஸஜீத் வந்தார். நாற்பது வயதிருக்கும், ஃபர்னஸ் பூட்டும் தொழிலில் பழையவர். நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்டில் ஃபர்னஸ், காஸில் எரியும் சுடுதண்ணீர்த் தாங்கி, அவற்றுக்குப் பக்கத்தில் என் மனைவி வதனாவின் மின்சார அடுப்பு. மேலே சமைத்தால் தன் ஜக்கெட்டில் மணம் ஏறுகிறது என்று மகள் அட்சயா அழுததால் நான்தான் அந்த அடுப்பைக் கீழே வைத்து, புகை இழுக்கப் பெரிய ஃபேனும் பூட்டினேன். மகள் இப்போது ஒஷாவா நகரில். அடுப்பு கீழேயே இருந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் வதனாவின் சிநேகிதிகள் நேரே கீழே இறங்கி வாங்குப் பலகையில் உட்கார்ந்து கதைப்பார்கள். வீட்டில் அவளுடைய இடம் அதுதான்.

"அக்கா, ஒரு ஊதுவத்தி இருந்தாத் தாங்க," என்றார் ஸஜீத் வதனாவிடம்.

"என்ன, சாமி கும்பிடப் போறீங்களோ?"

"கும்பிடுறது நீங்க. நான் புகையைப் பாக்கப்போறன்."

ஃபேனைப் போடச் சொன்னார். சுடுதண்ணீர்த் தாங்கியின் மேல், புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் ஊதுவத்தியைப் பிடித்தார். மேலே போகவேண்டிய புகை எங்கள் முகத்துக்குத் திரும்பி வந்தது. ஃபேனை நிறுத்தியதும் குழாய்க்குள் ஏறியது.

"ஃபேன் வீட்டுக் காத்தை வெளிய தள்ளுது. அதுக்குப் பதிலாக் குழாயால காத்து கீழ வருது. எரிஞ்ச காஸும் அதோட வரும். மணக்காது, ஆனா நஞ்சு. அக்கா, சமைக்கக்குள்ள தலையிடி வாறதா?"

"ரெண்டு விண்டரா வருது. மிளகாய் நெடி எண்டு இவர் சொன்னவர்."

ஸஜீத் என்னைப் பார்த்துச் சொன்னார்: "புது காஸ் ஃபர்னஸ் தனிக் குழாயால வெளிக்காத்தை இழுத்து எரியும். மலிவு. ஆனா தண்ணித் தாங்கி இப்பிடியே இருக்கும், அதால ஃபேனையும் அடுப்பையும் விடணும். இல்லாட்டி கரண்டில வீட்டைச் சூடாக்கிற ஹீட் பம்ப். தாங்கியையும் கரண்டுக்கு மாத்துவம். கீழ நெருப்பே இருக்காது. காசு கூடப் போகும்."

வதனா சுவரைக் காட்டினாள். "காஸ் அலாம் உதில இருக்குத்தானே. இந்த ரெண்டு விண்டரும் ஒருநாளும் அடிக்கேல்லை. அப்ப காஸ் வந்திருக்காது. மலிவானதையே போடுவம். அடுப்பும் இருக்கட்டும்."

"எதுக்கும் காஸை அளந்து பாப்பம்," என்று ஸஜீத் தன் வான் வண்டிக்குப் போனார்.

நான் சுவரில் இருந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்தேன். புகை வந்தாலும் காஸ் வந்தாலும் கத்துவது அது ஒன்றுதான். அவள் தூளுக்கு மிளகாய் வறுத்த ஒரு சனிக்கிழமை நிற்காமல் கத்தியது. கதிரையில் ஏறிப் பட்டரியைக் கழற்றினேன். தெரிந்தவர்கள் வீடுகளிலும் இதே கதைதான் என்று சிரித்ததும் ஞாபகம். பிறகு போடவில்லை.

பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம். பல விஷயங்கள் அப்படியே கடந்து போயிருக்கின்றன. இது போகாது. ஸஜீத் என்ன அளந்து சொன்னாலும் அவள் அந்த அலாரத்தைத்தான் நம்புவாள்.

"அதுக்குள்ள பட்டரி இல்லை," என்றேன்.

அவள் வாங்கில் உட்கார்ந்தாள்.

"எப்ப கழட்டினீங்கள்?"

"அட்சயா ஒஷாவாவுக்குப் போன வருஷம்."

இரண்டு குளிர்காலங்களை அவள் எண்ணுவது தெரிந்தது.

"நான் தலையிடி எண்டு சொல்லேக்க ஒருக்காலும் ஞாபகம் வரேல்லையோ?"

"வரேல்லை."

அது உண்மை. உண்மை என்பதால் வெட்கம் குறையவில்லை.

ஸஜீத் கருவியோடு இறங்கி வந்தார். அவர் அதைத் தட்டி எழுப்புவதற்குள் வதனா சொன்னாள்: "அளக்கிறதெண்டா அளவுங்கோ. ஆனா நெருப்பெரியிற ரெண்டையும் கழட்டுங்கோ. எல்லாம் கரண்டில போடுங்கோ. என்ர அடுப்பு இஞ்சைதான் நிக்கும்."

"அதுவரைக்கும் இந்த ஃபேனைத் தொடாதீங்க அக்கா."

"தொடமாட்டன்." பிறகு என்னைப் பார்க்காமலே, "மேல மேசை லாச்சிக்குள்ள பட்டரி கிடக்கு," என்றாள்.

எடுத்துவந்து, அதே கதிரையில் ஏறிப் போட்டேன். அலாரம் ஒருமுறை கத்தி அடங்கியது.

"இனி நீர் மிளகாய் வறுக்கேக்க உது கத்தும்," என்றேன்.

"கத்தட்டும். நீங்கள் வந்து நிண்டு துவாயால புகையை விசுக்கிக் கலையுங்கோ."